சூசைபட்டி நேர்ரோடு

புதுக் கார் வாங்கியவனிடம் எல்லோரும் முதலில் கேட்பது மைலேஜ் எவ்வளவு என்பதுதான். என்னிடமும் அதைத்தான் கேட்டார்கள். சென்னையிலிருந்து மூடிய லாரியில் வந்த வண்டி, திருக்கோகர்ணத்தில் என் வீட்டு வாசலில் இறங்கியபோது எதிர்வீட்டு ரிட்டயர்டு தாசில்தார் கேட்டார். இஸ்திரி போடுகிறவர் கேட்டார். கீரை கொண்டுவரும் முனியாயிகூடக் கூடையை இறக்கி வைத்துவிட்டுக் கேட்டாள். மூன்று பேருக்கும் நிதானமாகப் பதில் சொன்னேன். இன்ஸ்பெக்டர் ஐயா, நான் பொறுமைசாலி. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது.

என்னை உங்களுக்குத் தெரியும். உதயசூரியன், கிரஷர் முதலாளி. பிறந்தது பொன்னமராவதிப் பக்கம், மானாவாரி விவசாயக் குடும்பம். கல் உடைத்து மேலே வந்தவன். ஆயுள் முழுவதும் ஜல்லித் தூசியில் நின்றவனுக்கு ஒரு நல்ல வண்டி ஓட்டிப் பார்க்கும் ஆசை இருப்பது தப்பில்லை என்று நினைக்கிறேன்.

அந்த வண்டியைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஜெர்மனியில் செய்தது. இரண்டே கதவு. கருஞ்சிவப்பு நிறம். ஒரு பொத்தானை அழுத்தினால் கூரை தானாக மடிந்து பின்பக்கம் போய்ப் படுத்துக்கொள்ளும். ஷோரூமில் எனக்காக ஸ்டார்ட் செய்து காட்டினார்கள். அந்தச் சத்தத்தைக் காதால் கேட்டேன் என்று சொல்ல முடியாது. நெஞ்சுக்கூட்டுக்குள் ஏதோ புரண்டு எழுந்த மாதிரி இருந்தது. இதற்காகத்தான் இத்தனை வருடம் உழைத்தோம் என்று அங்கேயே நின்று நினைத்தேன்.

ஊருக்கு வந்த பிறகுதான் தெரிந்தது, இந்த மாவட்டத்தில் அந்த வண்டிக்கு இடமே இல்லை என்று. எங்கள் தெரு முனையில் சாக்கடை மூடி தரையைவிடக் கொஞ்சம் தூக்கலாக இருக்கிறது. ஒவ்வொரு முறையும் வண்டியின் அடி உரசும். காலை பத்து மணிக்கு மேல் கூரையைத் திறந்தால் உச்சந்தலை காய்ந்துவிடும். திறக்காமல் ஓட்டுவதென்றால் அதற்கு வேறு வண்டி வாங்கியிருக்கலாம். சிக்னலில் நின்றால் ஆட்டோக்காரர்கள் உள்ளே கைவிட்டு ஸ்டியரிங்கைத் தொட்டுப் பார்ப்பார்கள். கீழராஜ வீதியில் ஒரு மாடு பக்கவாட்டில் உடம்பைத் தேய்த்துக்கொண்டே போயிற்று. மாட்டுக்காரன் என்னைப் பார்த்துச் சிரித்தான்.

பரிமளா, என் மனைவி, ஒரே ஒரு முறைதான் அதில் வந்தாள். பொன்னமராவதியில் அவள் பெரியப்பா பேத்தி இலக்கியாவின் கல்யாணம். பட்டுப் புடவை, தலை நிறையப் பூ. நான் ஆசையாகக் கூரையைத் திறந்தேன். ஊர் எல்லை தாண்டுவதற்குள் முந்தானையை எடுத்துத் தலையில் போர்த்திக்கொண்டாள்.

"ஏங்க, மேல மூடுங்க. பஸ்ஸுல போறவுகல்லாம் என்னையவே பாக்குறாக."

"பாக்கட்டுமே."

"பாக்கட்டும்னா? நான் என்ன தேர்ல வர்ற சாமியா?"

அந்த நேரம் பார்த்து முன்னால் ஒரு டிப்பர் லாரி வந்து சேர்ந்தது. தார்ப்பாய் கட்டாமல் எம்-சாண்ட் ஏற்றியிருந்தார்கள். பரிமளாவின் பூவிலும் புடவையிலும் வெள்ளையாகப் படிந்துவிட்டது. லாரியின் பின்பக்கம் எங்கள் கிரஷரின் பெயர்தான் எழுதியிருந்தது. தார்ப்பாய் கட்டச் சொல்லி டிரைவர்களிடம் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன். யாரும் கேட்பதில்லை. பரிமளா வண்டியை நிறுத்தச் சொல்லி இறங்கிக்கொண்டாள். "தம்பி கார் பின்னாடி வருது. நான் அதுல வாரேன்" என்றாள். நான் மட்டும் தனியாகக் கல்யாண மண்டபத்துக்குப் போய் இறங்கினேன். அங்கேயும் மைலேஜ் கேட்டார்கள்.

ரோடுகளும் அப்படித்தான். அதிக பாரம் ஏற்றும் லாரிகளால்தான் குழி விழுகிறது என்று அதிகாரிகள் சொல்கிறார்கள். ஏதாவது ஒரு காரணம் சொல்லத்தானே வேண்டும். அந்த வண்டியால் போக முடிந்த வேகத்தில் கால்வாசியைக்கூட என்னால் தொட முடியவில்லை. குதிரையை வாங்கிக் கொல்லையில் கட்டிவைத்துப் புல் போட்டுக்கொண்டிருப்பதைப் போல இருந்தது எனக்கு. சாப்பிட உட்கார்ந்தால் சாப்பாடு இறங்கவில்லை. எரிச்சல், வேறொன்றுமில்லை. யார் மேல் என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

அப்போதுதான் சூசைபட்டி நேர்ரோடு ஞாபகம் வந்தது. வல்லத்திராக்கோட்டையைத் தாண்டிப் போனால் இரண்டு பக்கமும் தைலமரக் காடு. நடுவில் ஒரு வளைவுகூட இல்லாமல் ரோடு ஓடும். என் மைத்துனன் சோலையப்பன் காண்ட்ராக்ட் எடுத்துப் போட்டது. ஜல்லி நம்முடையது. தார் போட்டுக் கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது.

ஒரு நாள் விடிந்ததும் கூரையைத் திறந்துகொண்டு அங்கே போனேன். காற்றில் தைல வாசம் இருந்தது. ரோட்டில் யாரும் இல்லை. காலைக் கொஞ்சம் அழுத்தினேன். வண்டி ஒரு முறை குனிந்து நிமிர்ந்தது போலத் தோன்றியது, அவ்வளவுதான், மரங்கள் ஒன்றாகக் கலந்து இரண்டு பக்கமும் சுவராகிவிட்டன. என் சட்டை படபடவென்று அடித்துக்கொண்டது. கண்ணில் தண்ணீர் வந்தது. வாய்விட்டுச் சிரித்தேன் என்று நினைக்கிறேன். என் அப்பா இறந்த பிறகு நான் அப்படிச் சிரித்ததில்லை.

காடு முடிகிற இடத்தில் சூசைபட்டி. ஒரு பக்கம் வீடுகள், எதிர்ப்பக்கம் பள்ளிக்கூடமும் சிறிய மாதா கோயிலும். நடுவில் வேகத்தடை. அதை வேகத்தடை என்று சொல்லக்கூடாது, வரப்பு என்றுதான் சொல்ல வேண்டும். நான் வேகத்தைக் குறைத்து ஊர்ந்து ஏறியும் முன்சக்கரம் அந்தப் பக்கம் இறங்கியதும் வண்டியின் அடி அதன் மேல் உட்கார்ந்துவிட்டது. முன்னாலும் போகவில்லை, பின்னாலும் வரவில்லை. கூரை இல்லாத வண்டியில் நடுரோட்டில் அசையாமல் உட்கார்ந்திருந்தேன். குளிக்கப் போன பெண்கள் நின்று பார்த்தார்கள்.

பால் கேனோடு வந்த ஒரு பெரியவர் கேனைக் கீழே வைத்தார்.

"இருங்கய்யா, ஆக்ஸிலேட்டர அழுத்தாதீங்க. வண்டி வவுறு தட்டுது. பலகை கொண்டாறேன்."

ஆட்டுக் கொட்டகையிலிருந்து இரண்டு பலகைகளை எடுத்து வந்தார். நான்கு பேரைக் கூப்பிட்டு வண்டியை லேசாகத் தூக்கச் சொல்லிச் சக்கரத்துக்கு அடியில் பலகையைக் கொடுத்தார். வண்டி இறங்கியது. அவரே குனிந்து அடியில் பார்த்துவிட்டு, "கீறல்தாங்க, ஒடையல" என்றார்.

"இவ்வளவு உயரமா யார் போட்டது?" என்று கேட்டேன்.

"நாங்கதாங்க கேட்டு வாங்குனோம். எங்க வீட்டுக்காரி போன எடம் இது. இதப் போட்ட பெறகு ஒண்ணும் நடக்கலைங்க."

அவர் பெயர் ராக்கன். மனைவி சந்தனமேரி. சொசைட்டியில் பால் ஊற்றிவிட்டு ரோட்டைக் கடந்து வரும்போது டிப்பர் மோதி இறந்துபோனது எனக்கு முன்பே தெரியும். டிப்பர் எங்களுடையது. டிரைவர் மேல் கேஸ் நடக்கிறது. அது சட்டப்படி போய்க்கொண்டிருக்கிறது. அடக்கத்துக்கு மாலை கொடுத்து அனுப்பினேன். ராக்கனுக்கு அன்று என்னை அடையாளம் தெரியவில்லை என்றுதான் நினைத்தேன். அதனால் நானும் எதுவும் சொல்லிக்கொள்ளவில்லை.

சோலையப்பனைக் கூப்பிட்டேன்.

"மாப்ள, சூசைபட்டியில அந்த மேட்டை எடுத்துவிடு."

"மச்சான், அது மறியல் பண்ணி வாங்குனது. பள்ளிக்கூடம் வேற இருக்கு."

"முறையா அனுமதி வாங்கிப் போட்டதா?"

"அதெல்லாம் இல்ல. அன்னிக்கி ஆத்திரத்துக்குப் போட்டுக் குடுத்தது."

"அப்புறம் என்ன?"

எல்லோரும் வேலைக்குப் போன நேரத்தில் ஜேசிபி போய் அரை மணியில் செதுக்கி எடுத்துவிட்டது. என் சௌகரியத்துக்காக மட்டும் செய்தேன் என்று நினைக்க வேண்டாம். ஒரு கர்ப்பிணியை அந்த வழியாக ஆம்புலன்ஸில் கொண்டுபோனால் அந்த மேட்டில் என்ன ஆகும்? அதையும் யோசித்தேன்.

இரண்டு நாள் கழித்து ராக்கனின் மகள் கிரஷர் ஆபீஸுக்கு வந்தாள். ஷர்லி என்று பெயர். புதுக்கோட்டையில் ஒரு லேபில் ரத்தம் பரிசோதிக்கிற வேலை. உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை.

"ஐயா, அந்த மேட்டை எடுக்கச் சொன்னது நீங்கன்னு சொல்றாங்க."

"ஊர்ல ஆயிரம் சொல்லுவாங்கம்மா."

"எங்கம்மா மேல ஏறுனது ஒங்க லாரி. அப்பா ஒங்கள அன்னிக்கே பாத்துத் தெரிஞ்சுக்கிட்டாரு. தெரிஞ்சுதான் பலகை போட்டாரு. நாங்க ஒங்ககிட்ட வேற எதையும் கேக்கலைங்க. அந்த மேட்டை மட்டும் திருப்பிப் போட்டுக் குடுங்க. காலையில அம்புட்டுப் புள்ளைங்களும் அதைத் தாண்டித்தான் போவுது."

"பாக்குறேன்" என்று சொல்லி அனுப்பினேன். முடியாது என்று நான் சொல்லவில்லை. அவளையே கேட்டுப் பாருங்கள்.

ஆனால் அவள் சொன்னதில் ஒன்று மட்டும் எனக்குள் தங்கிவிட்டது. தெரிந்தே பலகை போட்டாரா? நான் யார் என்று தெரிந்து, என் கண்ணைப் பார்த்து, ஆக்ஸிலேட்டரை அழுத்தாதீங்க என்று சொன்னாரா? தெரியாமல் உதவி செய்தால் அது உதவி. தெரிந்து செய்தால் அதற்கு என்ன பெயர்? நான் அவர் முன்னால் கூனிக்குறுக வேண்டும் என்று நினைத்துத்தான் செய்திருக்கிறார். வேறு எப்படி யோசித்தாலும் எனக்குப் பிடிபடவில்லை. நீங்கள் யோசித்துப் பாருங்கள்.

அடுத்த முறை போனபோது அவர் ரோட்டின் நடுவில் நின்றார். கையில் ஒரு கம்பு, அதன் நுனியில் சிவப்புத் துணி. பழைய சேலையிலிருந்து கிழித்தது. பிள்ளைகள் கடக்கிற வரைக்கும் அதைக் குறுக்கே பிடித்துக்கொண்டு நின்றார். நான் நிறுத்தினேன். எல்லோரும் கடந்த பிறகு துணியைச் சுருட்டிக்கொண்டு, "போயிட்டு வாங்கய்யா" என்றார்.

மரியாதையாகத்தான் சொன்னார். அதுதான் தாங்க முடியவில்லை. என் ஜல்லி, என் மைத்துனன் போட்ட தார், என் வண்டி. நான் போவதற்கு உத்தரவு கொடுப்பது ராக்கன்.

அதற்குப் பிறகு நான் போகும்போதெல்லாம் நின்றார். நேரத்தை மாற்றிப் பார்த்தேன். பள்ளிக்கூட நேரம் இல்லாவிட்டால் பால் நேரம், பால் நேரம் இல்லாவிட்டால் யாராவது கிழவி ஆட்டைப் பிடித்துக்கொண்டு கடப்பாள். வண்டி தன் முழுச் சத்தத்துக்கு வருகிற சரியான அந்த இடத்தில், தூரத்தில் சிவப்புத் துணி தெரியும். காலை எடுத்துவிட வேண்டும். ஒரு பாட்டின் உச்சத்தில் யாரோ வாயைப் பொத்துவது போல. ஒரு நாள் இறங்கிப் போய் நானே பேசினேன். வாங்க போங்க என்றுதான் பேசினேன்.

"ராக்கன், இந்த வயசுல நீங்க இப்படி ரோட்டுல நிக்கலாமா? ஒரு நாள் எவனாவது தட்டிட்டுப் போயிருவான்."

"எனக்கென்னங்கய்யா, எல்லாம் முடிஞ்ச ஆளு. புள்ளைக அங்கிட்டுப் போய்ச் சேந்தாச் சரி." பிறகு வண்டியைப் பார்த்துச் சொன்னார்: "சோக்கா இருக்குங்க வண்டி. அவ இருந்தா ஒரு ரவுண்டு கூட்டிட்டுப் போங்கன்னு கேட்டிருப்பா. ஆசக்காரி."

இதைக் கேலியாகச் சொன்னாரா, மனசாரச் சொன்னாரா என்று அன்றைக்குப் பூராவும் யோசித்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் பரிமளா காபி கொடுக்கும்போது சிரித்தாள். என்ன என்று கேட்டேன்.

"ஒங்க காருக்கு சோலையப்பன் ஆளுக ஒரு பேரு வச்சிருக்காகளாம். ராக்கன் நிறுத்துற வண்டின்னு. வித்துப்புடுங்க. ஒரு நல்ல பெரிய காரா வாங்குவோம், எல்லாரும் ஒக்காந்து போற மாதிரி."

நான் கோபப்படவில்லை. காபியைக் குடித்து முடித்தேன். டம்ளரை நானே கொண்டுபோய்க் கழுவி வைத்தேன். ஞாயிற்றுக்கிழமை பள்ளிக்கூடம் இல்லை, சொசைட்டியும் அந்த நேரத்துக்குள் முடிந்துவிடும், இன்றைக்கு அங்கே நிற்பதற்கு அவருக்கு ஒரு காரணமும் இருக்காது என்று கணக்குப் போட்டுக்கொண்டுதான் கிளம்பினேன். ஒரே ஒரு முறை, அந்த நேர்ரோட்டை முனையிலிருந்து முனை வரைக்கும், நிறுத்தாமல். அவ்வளவுதான் நான் கேட்டது.

பூசை முடிந்து பிள்ளைகள் மறைக்கல்வி வகுப்புக்குப் போவார்கள் என்பது எனக்குத் தெரியாது. நாங்கள் அந்த மதம் இல்லையே.

காடு முடிவதற்கு வெகு முன்பே துணியைப் பார்த்துவிட்டேன். ராக்கன் வெள்ளை வேட்டி சட்டையில் இருந்தார். கோயிலுக்கு உடுத்தியது. பிள்ளைகள் கடந்து முடித்து அந்தப் பக்கம் வரிசையாக நின்றார்கள். ரோட்டில் அவர் ஒருவர்தான். நிறுத்துவதற்கு வேண்டிய தூரம் இருந்தது. நின்றுவிடலாம் என்று காலை எடுத்தேன் என்பதும் உண்மை. அப்போது அவர் துணியைக் கொஞ்சம் உயர்த்திக் காட்டினார். சிரித்தார் என்றும் தோன்றியது. அவ்வளவு தூரத்திலிருந்து முகம் தெரியாது என்று நீங்கள் சொல்லலாம். எனக்குத் தெரிந்தது.

இந்த முறை அவர் விலகட்டும் என்று நினைத்தேன். வண்டி வருவதைப் பார்த்தால் எந்த மனிதனும் விலகுவான். ஒரே ஒரு தடவை அவர் எனக்கு வழி விட்டால், அதற்குப் பிறகு நான் எத்தனை தடவை வேண்டுமானாலும் நின்றிருப்பேன்.

அவர் விலகத்தான் பார்த்தார். அதற்குள் ஒரு சின்னப் பெண், இனியா, கழன்று விழுந்த செருப்பை எடுக்க ரோட்டுக்குத் திரும்ப ஓடி வந்தாள். அவர் கம்பைப் போட்டுவிட்டு அவள் பக்கம் பாய்ந்தார். அவளைத் தள்ளிவிட்டார். அவளுக்கு முழங்கை எலும்பு முறிந்திருப்பதாகச் சொன்னார்கள். சிறு வயது, கூடிவிடும்.

வண்டி கொஞ்ச தூரம் போய் நின்றது. பிள்ளைகள் கத்துவது கேட்டது. கோயிலிலிருந்து ஆட்கள் ஓடி வந்தார்கள். நான் கூரை மூடுகிற பொத்தானை அழுத்தினேன். அது மெதுவாக எழுந்து, தலைக்கு மேல் வந்து, சரியாகப் பொருந்தியது. உள்ளே எந்தச் சத்தமும் கேட்கவில்லை. அது மட்டும் நன்றாகச் செய்திருக்கிறார்கள். நீங்கள் வரும்வரை நான் உள்ளேயேதான் இருந்தேன். ஓடிப் போகவில்லை.

என் வக்கீல் சந்தோஷ்குமார் நேற்று வந்தார். "பிரேக் பிடிக்கலைன்னு சொல்லிருங்க சார். வெளிநாட்டு வண்டி, அடி வேற தட்டியிருக்கு, எல்லாரும் நம்புவாங்க" என்றார். பரிமளாவும் அழுதுகொண்டே அதைத்தான் சொன்னாள். அதனால்தான் இதையெல்லாம் உங்களிடம் விளக்கமாகச் சொல்ல வேண்டியதாயிற்று. அந்த வண்டியின் பிரேக்கில் ஒரு குறையும் கிடையாது. அவ்வளவு வேகத்திலும் கால் வைத்தால் கட்டிப் போட்டது போல நிற்கும். அதன் மேல் பழி போட நான் சம்மதிக்க மாட்டேன். நான் பொய் சொல்லித் தப்பிக்கிறவன் இல்லை என்பது இந்த ஊருக்கே தெரியும்.

இன்று காலையில் ஷர்லியை இங்கே வராண்டாவில் பார்த்தேன். அப்பாவின் உடலை வாங்கக் கையெழுத்துப் போட வந்திருந்தாள். அழவில்லை. என் பக்கத்தில் வந்து, "எங்கப்பா நின்னத நீங்க பாக்கலையாய்யா?" என்று மட்டும் கேட்டாள். வக்கீல் பேசக்கூடாது என்று சொல்லியிருந்ததால் நான் வாயைத் திறக்கவில்லை. நின்று பார்த்துவிட்டுப் போய்விட்டாள்.

அவளுக்கு நீங்கள் பதில் சொல்லிவிடுங்கள் ஐயா. பெற்ற தகப்பனை யாரோ கவனிக்காமல், ஒரு பொருட்டாகவே நினைக்காமல் அடித்துவிட்டுப் போய்விட்டார்கள் என்று அந்தப் பெண் காலமெல்லாம் வருந்தக் கூடாது. அவரையும் பார்த்தேன், செருப்புக்காக ஓடி வந்த அந்தக் குழந்தையையும் பார்த்தேன். இரண்டு பேரையும் நன்றாகப் பார்த்த பிறகுதான் காலை மறுபடி அழுத்தினேன் என்று சொல்லுங்கள். அவளுக்கு ஆறுதலாக இருக்கும்.